வந்த பாட்டைத் தள்ளக் கூடாது

வைதேகி அக்காவின் சலூனில் சட்டம் இரண்டுதான். நாற்காலியில் முதல் தடவை உட்காருகிறவர் எழுந்து போவதற்குள் ஒரு பாட்டு கொடுக்க வேண்டும். எந்த மொழியாக இருந்தாலும் சரி, ஒன்றே ஒன்று. அது அக்காவின் போனில் ஏறிவிடும். போன் வரிசை எதுவும் பார்க்காமல் தன் இஷ்டத்துக்கு ஒவ்வொன்றாக எடுத்துப் பாடும். இரண்டாவது சட்டம், வந்த பாட்டைத் தள்ளக் கூடாது. பிடிக்கிறதோ இல்லையோ, முடிகிறவரை காது கொடுத்தாக வேண்டும். சிங்கப்பூரில் சட்டத்துக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் எனக்கு மனசாரப் பிடித்த சட்டங்கள் இவை இரண்டும்தான்.

நான் ஜைனப். சிராங்கூன் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு குறுக்குத் தெருவில், அக்காவின் சலூனை ஒட்டி டீக்கடை வைத்திருக்கிறேன். இரண்டு கடைக்கும் நடுவில் ஒரு சுவர், முன்னால் ஒரே ஐந்தடி நடைபாதை. அங்கே பாடுவது இங்கே கேட்கும், இங்கே நான் கத்துவது அங்கே கேட்கும். அதனால் அக்காவைப் பற்றிச் சொல்ல எனக்குத் தகுதி இருக்கிறது. ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இரண்டு பக்கமும் பார்த்து நியாயமாகப் பேசுவது எனக்கு வராது. நான் அக்கா கட்சி.

அக்கா பிறந்து வளர்ந்தது குவீன்ஸ்டவுனில். பள்ளிக்கூடம் முடித்த கையோடு கிளமெண்டியில் ஒரு சீனப் பெண்மணி நடத்திய முடிவெட்டும் கடையில் தலை கழுவிவிடும் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே ஆண்களுக்கு வெட்டிக்கொண்டிருந்தவர் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட, முதலாளியம்மா கத்தரியை அக்கா கையில் திணித்துவிட்டார். "பொம்பளைங்க தலைன்னா கண்ணாடியப் பார்த்துப் பார்த்து ஒரு மணி நேரம் புலம்புவாங்க. ஆம்பளைங்கன்னா வெட்டுனோமா அனுப்புனோமான்னு இருக்கும். எனக்கு அதுதான்லா சரிப்பட்டு வந்துச்சு" என்பார் அக்கா.

சவரமும் பழகிக்கொண்டார். வீட்டில் வெடித்தது அதற்குத்தான். முடி வெட்டுவதைக்கூட ஏதாவது பெரிய பெயர் சொல்லிச் சமாளிக்கலாம். ஓர் ஆணின் தாடையைப் பிடித்துக் கத்தி வைக்கிற வேலைக்கு என்ன பெயர் சொல்வது? "நம்ம ஆளுங்க செய்யற வேலையா இது?" என்று பெரியப்பா குதித்தாராம். இங்கே நமக்குள் சாதியே கிடையாது என்று மேடை ஏறினால் முழங்குகிறவர்தான் அவர். "எல்லா ஆளுங்களுக்கும் தலை இருக்கு பெரியப்பா, முடியும் வளருது" என்று அக்கா சொல்லிவிட்டார். உடன்பிறந்த அக்கா உமாமகேஸ்வரி இன்றைக்கும் யாராவது விசாரித்தால் தங்கச்சி பியூட்டிஷியன் என்றுதான் சொல்கிறார். பெண் பார்க்க வந்த ஒரு குடும்பம், கல்யாணத்துக்கு அப்புறம் இந்த வேலை எதுக்கு என்று இழுத்திருக்கிறது. "காப்பி ஆறிடும், குடிச்சிட்டுக் கிளம்புங்க, எனக்கு வேலைக்கு நேரமாச்சு" என்று சொல்லிவிட்டு அக்கா பையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டாராம். அதற்குப் பிறகு யாரும் வரவில்லை. அக்காவும் யாரையும் எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கவில்லை. சுவா சூ காங்கில் தன் பெயரில் சின்னதாக ஒரு வீடு வாங்கினார், கதவுக்குத் தனக்குப் பிடித்த கத்தரிப்பூ நிறத்தில் பெயின்ட் அடித்தார், நிம்மதியாக இருந்தார்.

சொந்தக் கடை வைக்க இந்தத் தேக்கா பக்கம் வந்தபோது, பொம்பளை நடத்தும் ஆம்பளை சலூனுக்கு இடம் இல்லை என்று இரண்டு பேர் முகத்துக்கு நேராகச் சொன்னார்கள். இடம் கொடுத்தவர் கதிரேசன். தெரு முனையில் பெரிய பாத்திரக்கடை வைத்திருப்பவர். அக்கா இருக்கும் கடைவீடு அவருக்குச் சொந்தம். என் கடைக்கு உரிமையாளர் வேறு ஆள், அல்லாவின் கிருபை.

கடை திறந்த அன்று நடந்ததை நானே பார்த்தேன். வந்தவர்கள் எல்லாம் உள்ளே எட்டிப் பார்த்தார்கள். "சலூன்காரர் இல்லையா?" என்று கேட்டார்கள். "நான்தான், உட்காருங்க" என்று அக்கா சொன்னதும் செருப்பைக்கூட ஒழுங்காக மாட்டாமல் ஓடினார்கள். மத்தியானம்வரை ஒரு தலை விழவில்லை. அப்போது கதிரேசன் வந்தார்.

"போணி ஆச்சா?"

"இல்லண்ணே."

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். முகத்தில் சோப்பு நுரை ஏறியதும், "என்னம்மா, பாட்டு கீட்டு ஒன்னும் இல்லையா? சாவு வீடு மாதிரி இருக்கு" என்றார். அக்காவின் புதுப் போனில் பாட்டே கிடையாது. கதிரேசன் தன் போனிலிருந்து ஒன்றை அனுப்பினார். அது ஒரு பழைய மலாய்ப் பாட்டு. வயசுப் பையனாக இருந்தபோது குவீன்ஸ்டவுனில் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே மலாய் நண்பர்களோடு உட்கார்ந்து கித்தார் வாசித்த காலத்துப் பாட்டாம். கைப்பிடியில் தாளம் போட்டுக்கொண்டே அவர் முணுமுணுக்க, "தாடைய ஆட்டாதீங்கண்ணே, கத்தி இருக்கு" என்று அக்கா அதட்டினார். சவரம் முடிந்து, படிகாரம் தேய்த்த பளபள முகத்தோடு கதிரேசன் அன்று சாயங்காலம்வரை இந்தத் தெருவில் மேலும் கீழும் நடந்தார். யார் கேட்டாலும், "நம்ம வைதேகிகிட்ட பண்ணிக்கிட்டேன்" என்று சொன்னார். அடுத்த நாள் ஆட்கள் வந்தார்கள்.

இதை நான் மறைக்கப் போவதில்லை. அக்கா இங்கே கால் ஊன்றியதற்கு முதல் காரணம் அவர். ஒரு பாட்டு கொடுக்கும் வழக்கமும் அவர் உட்கார்ந்த அந்த உட்காரலில் தொடங்கியதுதான். பின்னால் அவரே அதற்கு எதிரியாக வந்து நின்றார் என்பதால்தான் எனக்கு இவ்வளவு ஆத்திரம்.

பாட்டுகள் சேர்ந்த கதையைச் சொல்ல ஆரம்பித்தால் என் டீ ஆறிவிடும். புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்த கட்டடத் தொழிலாளி ஒருவர் ஒப்பாரி கொடுத்தார். சவரம் செய்துகொள்ளும்போது கேட்கிற பாட்டா அது? ஆனால் அந்தக் குரல் மேலே ஏறும்போது கடையில் ஒருவரும் மூச்சு விடமாட்டார்கள். லாரி ஓட்டும் சீன அங்கிள் ஒருவர் கொடுத்த ஹொக்கியன் பாட்டு, பீர் போத்தலோடு பேசுவது மாதிரி இருக்கும். பர்மாக்காரர் கொடுத்த பாட்டின் நடுவில் பாடுகிறவருக்கே சிரிப்பு வந்துவிடும், அடக்கிக்கொண்டு மறுபடி பாடுவார். அந்த இடம் எப்போது வரும் என்று நான் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டுக் காத்திருப்பேன். வழி தவறி வந்த வெள்ளைக்கார டூரிஸ்ட் ஒருவர் வார்த்தையே இல்லாத தேவாலய இசை ஒன்றைக் கொடுத்தார். இன்னொருவர் தன் மகள் பாலர் பள்ளியில் பாடியதைக் கொடுத்தார், அந்தப் பிள்ளை பாதியில் மறந்துபோய் "அப்புறம் என்ன?" என்று கேட்பதும் அதில் இருக்கிறது.

நானும் கொடுத்திருக்கிறேன். ஒரு வெள்ளிக்கிழமை ஷட்டரை முழுக்க இறக்கிவிட்டு, என் தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து, அக்கா எனக்கு முடி வெட்டிவிட்டார். ஆம்பளை நாற்காலியில் உட்கார்ந்த ஒரே பொம்பளை நான்தான். இவள் ஏதாவது மார்க்கப் பாட்டு கொடுப்பாள் என்று அக்கா நினைத்திருப்பார் போல. நான் கொடுத்தது கொரியன் பாட்டு. "உன்னைப் பார்த்தா தெரியலயேடி" என்று அக்கா சிரித்த சிரிப்பில் கத்தரி நின்றுவிட்டது.

சட்டத்தை மீறப் பார்த்தவர்களும் உண்டு. கம்பியூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் வெங்கட் என்ற தமிழ்நாட்டுத் தம்பி, பாதி தலை வெட்டியிருக்கும்போது ஒப்பாரி வந்ததும், "அக்கா, இதை ஸ்கிப் பண்ணுங்களேன், காலங்காத்தால" என்றார். அக்கா மெஷினை நிறுத்தினார். கழுத்துத் துணியை அவிழ்த்தார். "வெளிய நின்னு காத்து வாங்குங்க தம்பி. பாட்டு முடிஞ்சதும் கூப்பிடறேன்." ஒரு பக்கம் முடி, ஒரு பக்கம் மொட்டை என்று அந்தத் தம்பி ஐந்தடியில் நின்ற கோலம் இன்னும் என் கண்ணில் இருக்கிறது. நான் இரக்கப்பட்டு டீ கொடுத்தேன். இப்போது அவர் மாதாமாதம் வந்து உட்கார்ந்ததும், "ஒப்பாரி வருமாக்கா?" என்று கேட்கிறார். "வரும்போது வரும்" என்பதுதான் பதில். கேட்டு வாங்கவும் முடியாது.

ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டம் சேர்ந்தது இப்படித்தான். தொழிலாளர் தங்குவிடுதிகளிலிருந்து தேக்காவுக்கு வரும் பையன்கள் சலூனுக்கு முன்னால் ஐந்தடியில் உட்கார்ந்துவிடுவார்கள். நம் ஊர்ப் பையன்கள், வங்காளிப் பையன்கள், எல்லாரும்தான். தன் பாட்டு எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது, அதனால் எல்லாருடைய பாட்டையும் கேட்டுக்கொண்டு காத்திருப்பார்கள். நடக்கிறவர்களுக்கு வழி விட்டுத்தான் உட்காருவார்கள், குப்பையைத் தாங்களே பொறுக்கிவிடுவார்கள். என் டீ நன்றாக ஓடியது, அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

மோமின் அவர்களில் ஒருவன். கப்பல் பட்டறையில் வெல்டிங் வேலை. அவன் கொடுத்தது ஆற்றில் படகு தள்ளுகிறவர்கள் பாடும் வங்காளப் பாட்டு. அது வந்தால் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து எழுந்து நின்றுவிடுவான், முடிந்ததும் உட்காருவான். வேலை பெர்மிட் முடிந்து ஊருக்குப் போய்விட்டான். இப்போதும் அந்தப் பாட்டு வந்தால் அவனோடு தங்கியிருந்த பையன்கள் வீடியோ எடுத்து அவனுக்கு அனுப்புகிறார்கள். அக்கா கத்தியைத் தூக்கிக் காட்டி வணக்கம் சொல்வார்.

கதிரேசனுக்குக் கடைக்காரர்கள் குழுவில் ஏதோ பொறுப்பு கிடைத்தது. அதிலிருந்துதான் அவருக்கு இந்தக் கூட்டம் கண்ணை உறுத்த ஆரம்பித்தது. நவராத்திரி தொடங்கிய வாரம் ஒருநாள் சலூன் வாசலில் வந்து நின்றார். உள்ளே சீன அங்கிளின் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

"வைதேகி, இது தமிழ்க் கடை. வங்காளப் பாட்டு, சீனப் பாட்டு, பர்மாப் பாட்டு. என்னம்மா இது, சந்தைக்கடையா?"

"சந்தைக்குப் பக்கத்துலதானேண்ணே இருக்கோம்."

"விளையாடாத. குடும்பமா வர்றவங்க இந்தப் பக்கம் நடக்கவே யோசிக்கறாங்க. கேக்கறவங்க என்னையதான் கேக்கறாங்க. அந்தப் போன்ல இருக்கறதெல்லாம் அழிச்சிடு. காலையில சாமி பாட்டு, அப்புறம் நல்ல தமிழ்ப் பாட்டா நாலு போடு, போதும். ஆயுத பூஜைக்குச் சூடம் காட்ட வருவேன்ல, அன்னைக்குப் பதில் சொல்லு. முடியாதுன்னா வருஷக் கடைசியில கடையக் காலி பண்ணிக்கொடு. எடுக்க ஆளு ரெடியா இருக்கு."

அன்று சாயங்காலம் அக்கா என் கடையில் வந்து உட்கார்ந்தார். எத்தனையோ கழுத்துகளில் ஒரு கீறல் விழாமல் கத்தி ஓட்டிய கை, டீ கிளாஸை எடுக்காமல் அதன் விளிம்பையே தடவிக்கொண்டிருந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"அம்பது வயசுக்கு மேல இன்னொரு தெருவுக்குப் போய், பொம்பளைதான், ஆனா நல்லா சவரம் பண்ணுவேன்னு முதல்லேர்ந்து ஆரம்பிக்கணுமா ஜைனப்பு?"

"அப்போ அழிச்சிடுங்கக்கா. பாட்டுதானே" என்றேன்.

"யாரைலா அழிக்கறது? மோமினை அழிக்கவா? அந்தப் பிள்ளை 'அப்புறம் என்ன'ன்னு கேக்குதே, அதை அழிக்கவா? உன்னை அழிக்கவா?"

டீ சூடாக இருக்கிறதே என்று பார்க்காமல் அக்கா ஒரே மூச்சில் குடித்துவிட்டுப் போய் ஷட்டரை இறக்கினார்.

ஆயுத பூஜை விஷயத்தில் கதிரேசன் ரொம்பக் கண்டிப்பு. வாடகைக்கு விட்ட கடைகளுக்கும் அவரே வருஷா வருஷம் வந்து சூடம் காட்டுவார். அவருடைய பாத்திரக்கடையில் தராசு, கால்குலேட்டர், கார்டு மெஷின் எல்லாவற்றுக்கும் சந்தனமும் பொட்டும் உண்டு. சாமி முன்னால் வைத்த சாமானை மறுநாள் காலையில் மறுபடி சூடம் காட்டித்தான் எடுக்க வேண்டும், அதற்கு முன்னால் விரல் படக் கூடாது. ஒரு வருஷம் வேலைப் பையன் ஒருவன் கால்குலேட்டரைத் தெரியாமல் எடுத்துவிட்டான் என்று தேங்காய் வாங்கி வந்து பூஜையைத் திரும்ப முதலிலிருந்து செய்தவர் அவர். தெருவில் எல்லாருக்கும் இந்தக் கதை தெரியும்.

அக்காவும் அன்று கடையைக் கழுவிக் கோலம் போட்டு, கண்ணாடிக்கு முன்னால் வாழையிலை விரித்தார். கத்தரி, சீப்பு, மெஷின், சவரக் கத்தி, பவுடர் பிரஷ், படிகாரக் கட்டி எல்லாம் வரிசையாக இலையில் ஏறின. கடைசியில் போனையும், அதோடு சேர்ந்த உருண்டை ஸ்பீக்கரையும் வைத்தார். ஒவ்வொரு வருஷமும் வைப்பதுதான். "இதுவும் என் தொழில் சாமான்தானே" என்பார். எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். கதிரேசனும் அவர் மனைவி செல்லக்கண்ணு அக்காவும் தட்டோடு வருவது தெரிந்ததும், மரியாதைக்கு ஒரு முருகன் பாட்டைப் போட்டுவிட்டார். பொரிகடலைக்காக நானும் உள்ளே போய் ஓரமாக நின்றேன்.

கதிரேசன் சூடம் ஏற்றினார். முருகன் பாட்டு முடிந்தது. மணி ஆட்டிக்கொண்டு அவர் சூடத்தைச் சுற்றிக்கொண்டிருக்கும்போதே, போன் தன் வழக்கப்படி அடுத்த பாட்டைத் தானாக எடுத்தது. மோமினின் ஆறு கடைக்குள் வந்துவிட்டது. முருகன் பாட்டுக்குப் பிறகு அதுபாட்டுக்கு ஓடும் என்பதை மறந்துவிட்டேன் என்று அக்கா இன்றைக்கும் சொல்கிறார். நான் பாதி நம்புகிறேன்.

"யாரும்மா இது? நிப்பாட்டு" என்றார் கதிரேசன்.

அக்கா கையை நீட்டினார். நீட்டிய கையைப் பாதியில் இழுத்துக்கொண்டார். "தொடக் கூடாதேண்ணே. பொட்டு வெச்சாச்சு, சூடமும் காட்டியாச்சு."

கதிரேசன் தானே நிறுத்தப் போனார். "என்னங்க, காலையிலதானே எடுக்கணும்?" என்று செல்லக்கண்ணு அக்கா அவருடைய முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஸ்பீக்கரையாவது அமத்துங்க" என்று கதிரேசன் கத்தினார்.

"அதுக்கும் பொட்டு வெச்சிருக்கு" என்றேன் நான். என்னை யாரும் கேட்கவில்லைதான்.

"நீ சும்மா இரும்மா" என்று அவர் என் மேல் பாய்ந்தார். சூடம் எரிந்து அணைந்தது. மோமினின் பாட்டு முழுக்கப் பாடி முடிந்தது. அடுத்ததாகச் சீன அங்கிளின் பீர் பாட்டு வந்தது. செல்லக்கண்ணு அக்கா, "குரல் நல்லா இருக்கே" என்று சொல்லிவிட்டு, புருஷன் முகத்தைப் பார்த்ததும் விபூதித் தட்டைச் சரிசெய்ய ஆரம்பித்தார்.

"சரி, நான் கேட்டதுக்குப் பதில் என்ன?" என்றார் கதிரேசன். கோபத்தில் சூடத் தட்டையே கீழே வைக்காமல் கேட்டார்.

அக்கா முந்தானையை இடுப்பில் செருகினார். அதைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது.

"அண்ணே, உங்களுக்குப் பாட்டு பிரச்சனை இல்ல. அந்தப் பாட்டுக்காக வெளிய உட்கார்ந்திருக்கற பையன்கள்தான் பிரச்சனை. அத நேராச் சொல்லுங்க. நீங்க வந்துபோற பெரிய கட்டடம் எல்லாம் அவங்க கட்டுனதுதான். அங்க அவங்கள உள்ள விடமாட்டாங்க, சரி. அஞ்சடியில உட்கார்ந்து ஒரு பாட்டு கேக்கறதுக்குமா நம்ம அனுமதி வேணும்?"

"எனக்குப் பாடம் நடத்தாத. அழிப்பியா மாட்டியா?"

"அழிக்கறேன்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கதிரேசனுக்கும்தான், வாய் திறந்தபடி நின்றார்.

"அழிக்கறேண்ணே, ஒன்னு விடாம அழிக்கறேன். ஆனா வரிசையா அழிக்கணும்ல? அதுல முதல் பாட்டு உங்களோடது. அதுவும் தமிழ்ப் பாட்டு இல்ல. யாரும் உட்கார மாட்டேன்னு ஓடுனப்ப நீங்க ஒருத்தர்தான் இந்த நாற்காலியில உட்கார்ந்து, கழுத்தை நம்பிக் கொடுத்துட்டு, பாட்டும் கொடுத்தீங்க. அதை என் கையால அழிக்க என்னால முடியாது. நாளைக்குக் காலையில எப்படியும் சாமான் எடுத்துக்கொடுக்க வருவீங்க. உங்க பாட்டை உங்க விரலால அழிங்க. அடுத்த நிமிஷம் மிச்சம் எல்லாத்தையும் நான் அழிச்சிடறேன். சாமி முன்னாடி சொல்றேன்."

கதிரேசன் அந்தச் சூடத் தட்டோடேயே வெளியே போனார். செல்லக்கண்ணு அக்கா பின்னாலேயே ஓடினார், பொரித் தட்டை மறந்து என்னிடமே விட்டுவிட்டார். சந்தனப் பொட்டோடு போன் பாடிக்கொண்டே இருந்தது. அப்படியே விட்டு ஷட்டரை இறக்கினோம். என் கடைக்குள் சுவர் வழியாக ரொம்ப நேரம் கேட்டது.

மறுநாள் காலை நான் கடையைத் திறக்காமல் அங்கே போய் நின்றுகொண்டேன். கதிரேசன் குளித்து, நெற்றி நிறைய விபூதியோடு வந்தார். மூக்குக் கண்ணாடி சட்டைப் பையில் தொங்கியது. சூடம் காட்டினார். கத்தரியை எடுத்து அக்கா கையில் கொடுத்தார், பிறகு கத்தி, மெஷின், சீப்பு. போனை மட்டும் இலையில் விட்டுவிட்டார். அக்கா அதை எடுத்தார். பாடிப் பாடி சார்ஜ் செத்துப்போயிருந்தது. வயரைச் சொருகிவிட்டு, அது கண் முழிக்கிறவரை மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நின்றோம். வாழ்க்கையில் அவ்வளவு நீளமான நேரத்தை நான் கண்டதில்லை. கதிரேசன் தன் பாட்டை அழித்துவிட்டால் எல்லாம் போய்விடும், சாமி முன்னால் கொடுத்த வாக்கு.

அக்கா முதல் பாட்டைத் திரையில் கொண்டுவந்து, போனை அவர் கையில் கொடுத்தார். "இதைத் தொட்டா போதும்ணே" என்று இடத்தையும் காட்டினார்.

கதிரேசன் போனைப் பிடித்துக்கொண்டு நின்றார். திரையில் காய்ந்த சந்தனம் ஒட்டியிருந்தது. அதைக் கட்டைவிரலால், எதையும் அழுத்திவிடாமல், பதமாகத் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார். வெளியே ஒரு லாரி பின்னால் வந்துகொண்டு பீப் பீப் என்று கத்தியது.

"எழுத்து ஒன்னும் தெரியல. கண்ணாடி எடுத்துட்டு வரல" என்றார்.

பையில் இருந்த கண்ணாடியை நான் பார்த்தேன், அக்காவும் பார்த்தார். எனக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அக்கா என் காலை மிதித்தார்.

"பரவால்லண்ணே. கண்ணாடி கிடைச்சதும் வாங்க" என்று சொல்லிப் போனை வாங்கிக்கொண்டார்.

தீபாவளி போனது. கண்ணாடி கிடைக்கவில்லை போலும். வருஷக் கடைசியும் வந்து போனது. கடையை எடுக்க ரெடியாக இருந்த ஆள் யார் என்று எங்களுக்கு இன்றுவரை தெரியாது. கதிரேசன் எங்கள் பக்கத்து ஐந்தடியில் நடப்பதை விட்டுவிட்டு எதிர்ப் பக்கமாகப் போய்வந்துகொண்டிருந்தார். அக்கா எதுவும் நடக்காத மாதிரி காலையில் ஷட்டரைத் தூக்கினார், சாயங்காலம் இறக்கினார். ஒரு பாட்டும் குறையவில்லை. புதிதாகத்தான் ஏறின.

பொங்கலுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை. தெரு முழுக்க விளக்குத் தோரணம், கடைக்குக் கடை கரும்புக்கட்டு. ஐந்தடியில் பையன்கள் நிறைந்திருந்தார்கள். எதிர்ப் பக்கத்தில் கதிரேசன் கரும்புக்காரரோடு ஏதோ வாக்குவாதத்தில் இருந்தார். அப்போது கித்தார் சத்தத்தோடு அந்தப் பழைய மலாய்ப் பாட்டு தொடங்கியது. எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அது வருகிறது. கதிரேசன் பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். ஓனர் பார்க்கிறார் என்றதும், விஷயம் தெரிந்த பையன்கள் ஒவ்வொருவராக எழுந்து பையைத் தோளில் மாட்டினார்கள்.

அக்கா ஒரு கையில் கத்தியும் புறங்கையில் நுரையுமாக வாசலுக்கு வந்தார். உள்ளே ஒருவர் பாதி சவரத்தோடு உட்கார்ந்திருந்தார்.

"எங்க எந்திரிக்கறீங்க? உட்காருங்க எல்லாரும். இது ஓனர் பாட்டு. இந்தக் கடையோட முதல் பாட்டு. முடியறவரைக்கும் ஒருத்தரும் எந்திரிக்கக் கூடாது, ஆமா சொல்லிட்டேன்."

பையன்கள் உட்கார்ந்தார்கள். அக்கா தலையைத் தூக்கித் தெருவைத் தாண்டிக் கத்தினார். "அண்ணே, சட்டம் தெரியும்ல?"

கரும்புக்காரர் ஏதோ கேட்டார், கதிரேசன் கையைக் காட்டி அவரை நிறுத்தினார். அங்கிருந்து நகரவில்லை. பாட்டு முடிகிறவரை நின்று கேட்டுவிட்டுத்தான் போனார்.